தண்டவாள மணியும் நான்கு சின்னப் பலகைகளும்

எங்கள் காலத்தில் கல்லூரி மணி என்பது ஒரு தண்டவாளத் துண்டு. 40 நிமிடத்துக்கு ஒரு தடவை அலுவலகத்து அண்ணை வந்து இரும்புக் கம்பியால் தட்டுவார். பாடம் முடிந்ததோ இல்லையோ, அந்தச் சத்தத்தோடு ஒருவர் வெளியே போவார், அடுத்தவர் உள்ளே வருவார். இடையில் அதிபர் கூப்பிட்டனுப்பினால் பௌதிகவியல் சேர் சமன்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டுப் போவார். கரும்பலகையில் எழுதியது அப்படியே இருக்கும். திரும்பி வந்ததும் அதை ஒரு தடவை பார்ப்பார், விட்ட வரியிலிருந்து தொடர்வார்.

2008இல் டொரொன்டோவில், குளிரூட்டிகளைக் கட்டுப்படுத்தும் ஒரு சிறு கருவிக்கு நிரல் எழுதும்போது அந்தக் கரும்பலகைதான் எனக்குக் கைகொடுத்தது. அதுவரை நான் எழுதியதெல்லாம் ஒரே பெரிய சுற்று: வெப்பநிலையைப் பார், பொத்தானைப் பார், திரையில் எழுது, மறுபடி முதலிலிருந்து. திரை தாமதித்தால் மோட்டாரும் தாமதிக்கும். அப்போதுதான் ஃப்ரீஆர்டிஓஎஸ் அறிமுகமானது. ரிச்சர்ட் பாரி 2003இல் தொடங்கிய இலவச நிகழ்நேர இயங்குதளம் அது. வேலைகளை டாஸ்க் என்ற தனித்தனித் துண்டுகளாகப் பிரித்து, சில்லின் செயலியை அவற்றுக்கு மாறி மாறிக் கொடுக்கும்; பாதியில் விட்டது விட்ட வரியிலிருந்தே தொடரும். 2017இல் பொறுப்பை அமேசான் ஏற்றது. இப்போது எம்ஐடி உரிமத்தில் கிடைக்கிறது. அதன் கருவாக இருப்பவை மூன்றே மூன்று சி மொழிக் கோப்புகள். அவற்றோடு நம் சில்லுக்கென்று எழுதிய சிறு பகுதியும், நினைவகத்தைப் பங்கிடும் ஒரு கோப்பும் சேரும்.

நிகழ்நேரம் என்றால் வேகம் என்று பலர் நினைக்கிறார்கள். செய்ய வேண்டியதைக் குறித்த நேரத்துக்குள் செய்து முடிப்பதுதான் நிகழ்நேரம். மணி அடித்த அண்ணை ஒருநாளும் ஓடியதில்லை, பிந்தியதுமில்லை.

சென்ற மாசியில் ஊருக்குப் போனபோது எஸ்டிஎம்32 சில்லு பொருத்திய நான்கு சின்ன மின்சுற்றுப் பலகைகளைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போனேன். (திருகோணமலையின் பிரெடரிக் கோட்டைக்குள் மான்கள் இப்போதும் நம்மைக் கண்டு விலகாமல் நிற்கின்றன. பார்த்ததும் மனம் நிறைந்துவிட்டது.) அதிபர் ஆய்வுகூடத்தை மூன்று பின்னேரங்களுக்குத் தந்தார். உயர்தர மாணவர் 11 பேர் வந்தார்கள்.

முதல் நாள் ஒரு டாஸ்க், ஒரு எல்இடி, அவ்வளவுதான். அரை நொடிக்கு ஒருதடவை சிமிட்டியது. அடுத்து இன்னொரு டாஸ்க், இன்னொரு எல்இடி, வேறு வேகம். இரண்டும் ஒன்றையொன்று கவனிக்காமல் தம்பாட்டில் சிமிட்டியபோது பிள்ளைகளின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

அப்புறம் ஒரு தம்பி கூப்பிட்டான். “சேர், பச்சை மட்டும் எரியுது, சிவப்பு செத்துப்போச்சு.” பார்த்தால், பச்சைக்கு முன்னுரிமை 2, சிவப்புக்கு 1. இங்கே எண் பெரிதானால் உரிமையும் பெரிது. பச்சை டாஸ்கோ வெறும் சுற்றில் எண்ணிக்கொண்டே காத்திருந்தது. சும்மா எண்ணினாலும் செயலிக்கு அது வேலைதான். சிவப்புக்கு முறையே வராது. டிலே ஃபங்ஷனைக் கூப்பிட்டால்தான் டாஸ்க் தூங்கும், மற்றதற்கு இடம் கிடைக்கும். மாற்றி எழுதினான், சிவப்பு எழும்பியது.

என்னை மூன்று நாள் அலைக்கழித்த பிழையையும் அவர்களுக்குச் சொன்னேன். ஒவ்வொரு டாஸ்குக்கும் சொந்தமாக ஒரு ஸ்டாக், அதாவது தன் கணக்குகளை எழுதிவைக்கும் நினைவகத் துண்டு, உண்டு. அதுதான் அந்த ஆசிரியரின் கரும்பலகை. சின்னக் கரும்பலகை கொடுத்தால் எழுத்து பக்கத்துப் பலகைக்கும் பரவி, அடுத்தவர் பாடத்தை அழித்துவிடும். நான் குறைந்தபட்ச ஸ்டாக்கை வைத்துக்கொண்டு எழுத்தை அச்சிடும், ஸ்டாக்கை நிறையத் தின்னும் பிரின்ட்எஃப் ஃபங்ஷனைக் கூப்பிட்டிருந்தேன். கருவி நினைத்த நேரத்தில் விழுந்தது, பழுது எங்கேயோ இருப்பதுபோல் காட்டியது. ஸ்டாக் நிரம்பி வழிந்தால் எச்சரிக்கும் வசதியை முதல் நாளே போட்டுவிடுங்கள். இன்னொன்று: ஸ்டாக்குக்குக் கொடுக்கும் அளவு பைட் கணக்கல்ல, வேர்டு கணக்கு. 32 பிட் சில்லில் ஒரு வேர்டு 4 பைட், 128 என்றால் 512 பைட். ஆனால் இஎஸ்பி32 என்ற வேறொரு சில்லுக்கென்று அதன் தயாரிப்பாளர் தரும் பதிப்பில் பைட் கணக்கு. மின்சுற்றுப் பலகை மாற்றும்போது இதில்தான் தடுக்கி விழுவார்கள்.

பொதுவான ஒன்றை ஒரு நேரத்தில் ஒரு டாஸ்க் மட்டும் தொடவிடும் பூட்டான மியூடெக்ஸை விளக்க ஆய்வுகூடத்துச் சாவியே போதுமாக இருந்தது. ஒரே சாவி, வைத்திருப்பவர் வேலை முடியாமல் அடுத்தவர் உள்ளே போக முடியாது. சாவி ஒரு சின்ன வகுப்புப் பிள்ளையிடம் இருக்க, நடுவில் வருபவர்கள் அவனுக்கு வேறு வேலை சொல்லிக்கொண்டே இருந்தால், அவசரமாக வந்தவர் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். 1997இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்தின் கணினி திரும்பத் திரும்ப ரீசெட் ஆனது இப்படித்தான். அதில் ஓடியது விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற வேறு இயங்குதளம். சாவி வைத்திருப்பவருக்குக் காத்திருப்பவரின் முன்னுரிமையைத் தற்காலிகமாகக் கொடுக்கும் வசதியைப் பூமியிலிருந்தே இயக்கித் திருத்தினார்கள். ஃப்ரீஆர்டிஓஎஸ் மியூடெக்ஸில் இது கூடவே வருகிறது. டாஸ்குகள் ஒன்றுக்கொன்று சைகை காட்டப் பயன்படும் பைனரி செமஃபோரில் இல்லை.

பலகைகளை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். நான்கு போதாது. உங்கள் மேசை இழுப்பறையில் தூங்கும் பலகைகள் இருந்தால் பழைய மாணவர் சங்கத்திடம் கொடுங்கள், அடுத்து ஊருக்குப் போகிறவர் கொண்டுபோகட்டும். அதுவரை பிள்ளைகள் விண்டோஸ் சிமுலேட்டரில் எழுதுகிறார்கள். அதில் நேரம் துல்லியமாக இராது, ஆனாலும் டாஸ்க், டாஸ்குகளுக்கிடையே தகவலைக் கடத்தும் கியூ எல்லாம் அதேதான்.

போன கிழமை அந்தச் சிவப்பு எல்இடித் தம்பி செய்தி அனுப்பியிருந்தான். உப்புவெளியில் வீட்டுத் தண்ணீர்த் தாங்கிக்கு ஒன்று செய்கிறானாம்: மட்டத்தைப் பார்க்க ஒரு டாஸ்க், மோட்டாரைப் போட ஒன்று, இடையில் ஒரு கியூ. ஸ்டாக் எவ்வளவு வைக்கலாம் என்று கேட்டான். முதலில் தாராளமாக 512 வேர்டு வை, ஒருநாள் முழுக்க ஓடவிடு, ஆகக் குறைந்தது எவ்வளவு மிச்சம் இருந்தது என்று பார்த்து அப்புறம் வெட்டு என்று எழுதினேன். 190 மிச்சமாம்.