பெரியம்மா கேட்ட பஸ்

பிரான்ஸுக்குப் போய் நான்கு நாள் நடந்துவிட்டு வந்தேன் என்றதும் மலேசியாவில் பட்டர்வொர்த் ஊரில் இருக்கும் பெரியம்மா கேட்ட முதல் கேள்வி: "ஏம்மா, அங்க பஸ் ஓடாதா?"

ஓடும், எப்போதாவது ஒன்று. நான் நடந்தது தென்மேற்கில், ஃபிஜாக் என்ற சின்ன ஊரிலிருந்து செலே ஆற்றோரமாக அது லொட் ஆற்றில் கலக்கும் இடம் வரைக்கும், அங்கிருந்து சான் சிர் லபோபி என்ற கிராமத்துக்கு. ஆற்றோரம்தானே, சமதளமாக இருக்கும் என்று நினைத்துப் பயிற்சியே எடுக்கவில்லை. பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோவில் படிகளை வாரம் ஒரு முறையாவது ஏறியிருக்கலாம். அந்த ஆறு சுண்ணாம்புக்கல் மேட்டு நிலத்தை அறுத்துக்கொண்டு ஓடுகிறது, பாதையோ கரையிலேயே நிற்காமல் நினைத்தபோதெல்லாம் மேலே ஏறி, ஓக் மரமும் கல்வேலியுமாக வறண்டு கிடக்கும் மேட்டைச் சுற்றிவிட்டு, அடுத்த கிராமத்துக்கு முட்டி நோக இறங்கும்.

வழி கண்டுபிடிப்பது சுலபம். மரத்திலோ பாறையிலோ மேலே வெள்ளை, கீழே சிவப்பு என்று இரண்டு கோடு இருந்தால் சரியான பாதை. அதே நிறங்களில் பெருக்கல் குறி இருந்தால் அந்தப் பக்கம் போகாதே என்று பொருள். கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே அந்தக் குறியைத் தாண்டிப் போய் ஒரு பண்ணை நாயிடம் மாட்டிக்கொண்டதை விரிவாகச் சொல்லப் போவதில்லை.

சாப்பாடுதான் பெரிய பாடு. நள்ளிரவிலும் மாமாக் சாப்பாட்டுக் கடையில் பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் கிடைக்கும் ஊரில் வளர்ந்தவளுக்கு, மத்தியானம் கடையைச் சாத்திவிட்டுப் போவார்கள், திங்கட்கிழமை பல கடைகள் திறக்கவே மாட்டார்கள் என்பதெல்லாம் பசித்த பிறகுதான் புரிந்தது. ஒரு திங்களன்று என் மதிய உணவு நான்கு பிஸ்கட்டும் கல்லறைத் தோட்டக் குழாய்த் தண்ணீரும். அந்தக் குழாய் யோசனையைச் சொன்னது எதிரே வந்த ஒரு பிரெஞ்சுப் பாட்டி, நல்லா இருக்கட்டும்.

வழியில் கப்ரெரே என்ற ஊருக்கு மேலே பெஷ் மெர்ல் குகை. 1922இல் இரண்டு பையன்கள் உள்ளே புகுந்து கண்டுபிடித்தது. பாறைச் சுவரில் வரைந்த, புள்ளி போட்ட இரண்டு குதிரைகள், சுற்றிலும் கை வைத்து நிறம் ஊதிய அச்சுகள், எல்லாம் இருபதாயிரம் வருஷத்துக்கு மேல் பழையவை. தினமும் குறிப்பிட்ட எண்ணிக்கையில்தான் ஆட்களை விடுவார்கள், முன்பதிவு செய்துவிடுங்கள்.

ஆனால் எனக்கு மறக்காதது பூசியேஸ் என்ற ஊரைத் தாண்டி வரும், படகு இழுக்கும் பாதைதான். செங்குத்துப் பாறை நேராக ஆற்றில் இறங்கும் இடத்தில் 1840களில் பாறையின் பக்கவாட்டைக் குடைந்து, ஒரு பக்கம் திறந்த சுரங்கம் மாதிரி வழி செய்திருக்கிறார்கள். ஆற்றை எதிர்த்து வரும் சரக்குப் படகுகளைக் கயிறு கட்டி இழுப்பதற்காக. கூரை தாழ்ந்து தலைக்குமேல் வளைந்து நிற்கிறது. தோளில் கயிற்றோடு அங்கே நடந்தவர்களுக்கு ஆற்றைப் பார்க்க ஏது நேரம்? எங்கள் தாத்தா பினாங்குத் துறைமுகத்தில் தொங்கான் என்ற சரக்குப் படகிலிருந்து மூட்டை இறக்கியவர். கடலோரத்திலேயே முப்பது வருஷம் வேலை பார்த்தும் ஒரு நாள்கூட "கடல் அழகா இருக்கு" என்று அவர் சொல்லிக் கேட்டதில்லை. நான் மட்டும் அந்தப் பாதையில் பத்தடிக்கு ஒரு படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

சான் சிர் லபோபி ஆற்றுக்கு மேலே மலை விளிம்பில் தொத்திக்கொண்டிருக்கிறது. கடைசி ஏற்றம், முதுகில் பை, வியர்வையில் ஒட்டிய சட்டை, அவ்வளவு மூச்சிரைப்போடு மேலே போய்ச் சேர்ந்தால், மடிப்புக் கலையாத உடையில் கூட்டம் கூட்டமாக ஆட்கள் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். இவர்கள் எப்படி வந்தார்கள் என்று பார்த்தால், ஊருக்கு மேலே வண்டி நிறுத்துமிடத்தில் நிற்கிறது, பெரியம்மா கேட்ட பஸ்.