சைடு மிரருக்கு இரண்டு தடவை செலவழித்த கதை

குறுகலான தெரு. எதிரே வந்த வேனும் என் வேனும் உரசாமல் கடந்துவிட்டன என்றுதான் நினைத்தேன். அதற்குள் 'டப்' என்று ஒரு சத்தம். வண்டியின் உடம்பு தப்பியது, காது போய்விட்டது. இரண்டு சைடு மிரரும் முட்டிக்கொண்டதில், ஓட்டுநர் பக்கத்து மிரர் பின்பக்கமாக மடங்கி ஆடிக்கொண்டிருந்தது. அந்த வேன் நிற்கவில்லை. நின்றிருந்தாலும் யார் மேல் தப்பு என்று பேசித் தீர்த்திருக்க முடியாது.

கார் என்றால் உள்ளே இருக்கும் கண்ணாடியை வைத்து ஒப்பேற்றலாம். என்னுடையது சரக்கு வேன். முதுகுக்குப் பின்னால் முழுக்கத் தகரம். இரண்டு சைடு மிரரும்தான் பின்பக்கத்துக் கண். ஜன்னலை இறக்கி, திருப்பத்துக்குத் திருப்பம் தலையை வெளியே நீட்டிப் பார்த்தபடி மெதுவாக வீடு வந்து சேர்ந்தேன். இன்னொரு முறை அப்படி ஓட்ட மாட்டேன்.

வந்ததும் மிரரை முன்னால் தள்ளினேன். 'டக்' என்று பழைய இடத்தில் உட்கார்ந்தது. கண்ணாடி சிலந்தி வலை மாதிரி விரிசல் விட்டிருந்தது. பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் தட்டில் ஒட்டியிருந்ததால் கொட்டவில்லை. சுவிட்சை அழுத்தினால் மேலும் கீழும் நகர்ந்தது. சரி, மோட்டார் உயிரோடு இருக்கிறது, கண்ணாடியை மட்டும் மாற்றினால் போதும் என்று முடிவு கட்டினேன். அவசரக் கணக்கு.

கண்ணாடி வாங்கவே மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இடது, வலது என்று சொல்வது சீட்டில் உட்கார்ந்து முன்னால் பார்க்கும்போது வரும் பக்கம். வண்டிக்கு எதிரே நின்று கை நீட்டிச் சொன்னால் மாறிப்போகும். பனியைப் போக்கும் ஹீட்டர் உள்ள கண்ணாடியா என்று பார்க்க வேண்டும். இருந்தால் பின்னால் இரண்டு சின்ன ஒயர் வரும். அப்புறம் வளைவு. குவிந்த கண்ணாடி அகலமாகக் காட்டும், ஆனால் பின்னால் வரும் வண்டி இருப்பதை விடத் தள்ளி இருப்பதாகத் தெரியும். பழகிய கண்ணுக்கு அந்த வளைவு மாறினால் தூரக் கணக்கு தப்பும்.

பழையதன் மேல் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டி, கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் மாட்டிக்கொண்டேன். ஒரு ஓரத்தை உள்ளே அமுக்கினால் மறு ஓரம் வெளியே தூக்கும். அந்த இடுக்கில் தட்டையான பிளாஸ்டிக் கட்டை ஒன்றை விட்டு நெம்பினால் கிளிப்புகள் 'பட் பட்' என்று விட்டுவிடும். ஒயர் இரண்டையும் புதியதில் செருகி, துணியை மடித்து வைத்து நடுவில் உள்ளங்கையால் அமுக்கினேன். ஓரத்தில் அமுக்கினால் புதியதும் உடையும். பத்து நிமிட வேலை. பெருமையாக இருந்தது.

பெருமை பெரிய சாலை ஏறும் வரைதான். வேகம் கூடக் கூட, காற்று தள்ளி மிரர் கொஞ்சம் கொஞ்சமாக மடங்கியது. முதலில் பின்னால் வரும் வண்டிகள் மறைந்தன, பிறகு என் வேனின் பக்கவாட்டு, கடைசியில் என் முகமே தெரிந்தது. ஓரம் கட்டி, கையால் ஆட்டிப் பார்த்தபோதுதான் புரிந்தது. மிரர் மடங்கும் மூட்டுக்குள் ஒரு ஸ்பிரிங்கும், அதைப் பிடித்து நிறுத்தும் பல் வைத்த பகுதியும் இருக்கும். அந்தப் பல் உடைந்திருந்தது. பசை போட்டுப் பார்த்தேன். மறுநாளே விட்டுவிட்டது. ஸ்பிரிங் இழுக்கும் இடத்தில் பசை எத்தனை நாள் நிற்கும்!

ஆக, முழு செட்டும் மாற்ற வேண்டும். இந்தத் தடவை வாங்குவதற்கு முன்னாலேயே கழற்றிப் பார்த்தேன். கதவின் உட்பக்க மூலையில் இருக்கும் முக்கோண மூடியை நெம்பி எடுத்தால் மூன்று போல்ட்டும் ஒயர்களை இணைக்கும் ஒரு கனெக்டரும் தெரிகின்றன. கனெக்டரில் ஊசி மாதிரி இருக்கும் 'பின்' எத்தனை என்று எண்ணிப் படம் எடுத்தேன். ஒரே மாடல் வேனிலேயே ஹீட்டர், இண்டிகேட்டர், தானாக மடங்கும் வசதி இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்துப் பின் எண்ணிக்கை மாறும். வெளியே பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். படத்தைக் காட்டி வாங்கியதால் சரியானது வந்தது.

மாட்டும் நாளில் முதல் போல்ட்டைக் கழற்றியதுமே அது கை நழுவிக் கதவுக்குள் விழுந்தது. அடிவரை போகாமல் நடுவில் ஒரு விளிம்பில் தங்கியது என் அதிர்ஷ்டம். நூலில் காந்தம் கட்டித் தூண்டில் போட்டு எடுக்க அரை மணி நேரம். அதற்குப் பிறகு புத்தி வந்து, ஓட்டைக்குள் ஒரு பழைய துணியைத் திணித்துவிட்டு மற்ற இரண்டையும் கழற்றினேன்.

புது மிரரின் அடியில் இருக்கும் ரப்பர் மெத்தை மடங்காமல் உட்கார வேண்டும். இல்லையென்றால் காற்று விசிலடிக்கும், மழைத் தண்ணீரும் உள்ளே வரும். மூன்று போல்ட்டையும் முதலில் கையாலேயே பிடிக்க வைத்து, பிறகு மாற்றி மாற்றி முறுக்கினேன். ஒன்றை மட்டும் முதலிலேயே இறுக்கினால் மிரர் சாய்ந்து நிற்கும். முக்கோண மூடியைப் போடுவதற்கு முன் கனெக்டரைச் செருகி, நகர்வது, ஹீட்டர், இண்டிகேட்டர் எல்லாம் சோதித்தேன். கடைசியில் சீட்டை எனக்கு ஏற்றபடி வைத்துக்கொண்டு, வேனின் உடம்பு ஒரு விரல் அகலம் மட்டும் ஓரத்தில் தெரிகிற மாதிரி கண்ணாடியைத் திருப்பினேன்.

மறுநாள் பெரிய சாலையில் மிரர் அசையவே இல்லை. வழியில் ஜன்னலை இறக்கினேன். பாதி இறங்கி, முனகிக்கொண்டு நின்றுவிட்டது. போச்சு, இனி ஜன்னல் மோட்டாருக்கும் தண்டம் அழ வேண்டுமா என்று நொந்துபோய் முக்கோண மூடியை மறுபடி கழற்றினேன். உள்ளே, பழைய துணியின் ஒரு முனை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.