வசிப்பது ஒரு நாட்டில், வரிக்கணக்கு இன்னொரு நாட்டுக்கா?

வரி, ஒருவர் வாழும் நாட்டுக்கே போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பெரும்பாலான நாடுகளின் சட்டமும் அப்படித்தான். குடியுரிமை இருக்கிறது என்பதற்காகவே வெளிநாட்டுச் சம்பாத்தியத்துக்கும் கணக்குக் கேட்பவற்றில் முக்கியமானவை அமெரிக்காவும் எரித்ரியாவும். எரித்ரியா கேட்பது 2 சதவீதம். அமெரிக்காவின் முறையில்தான் சிக்கல் அதிகம்.

"சம்பளத்துக்கு விலக்கு உண்டே" என்பார்கள். உண்டு, 2025-ஆம் ஆண்டுக்கு 1,30,000 டாலர் வரை. ஆனால் அது தானாக வராது. ரிட்டர்னோடு படிவம் 2555 வைத்துக் கேட்க வேண்டும். தொடர்ச்சியான 12 மாதங்களில் 330 முழு நாள் வெளிநாட்டில் இருந்ததாகக் காட்டுவது ஒரு வழி. முழு நாள் என்றால் நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை. அமெரிக்காவில் வந்திறங்கும் நாளும் கிளம்பும் நாளும் சேராது. பலருக்குக் கணக்கு இடறுவது இங்கேதான். வட்டி, வாடகை, டிவிடெண்டுக்கு இந்த விலக்கே கிடையாது. வசிக்கும் நாட்டில் அவற்றுக்கு வரி கட்டியிருந்தால், படிவம் 1116 மூலம் கழித்துக்கொள்ளலாம்.

சொந்தத் தொழில் செய்பவர் நிலை இன்னும் மோசம். அமெரிக்காவோடு சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் (இரு நாட்டுக்கும் இரட்டைச் சந்தா கட்டாமல் இருக்க வழிசெய்யும் ஒப்பந்தம்) இல்லாத நாட்டில் 50,000 டாலர் லாபம் பார்த்தால், வருமான வரி பூஜ்யம் ஆனாலும் சுயதொழில் வரி, அதாவது ஓய்வூதிய, மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களுக்கான சந்தா, மட்டும் சுமார் 7,065 டாலர். (லாபத்தின் 92.35 சதவீதத்துக்கு 15.3 சதவீதம்.)

அடுத்தது வெளிநாட்டு வங்கிக் கணக்கு. மூன்று கணக்குகளில் 4,000, 3,500, 3,000 டாலர் கிடந்தால் எதுவுமே பெரிய தொகை இல்லை. கூட்டினால் 10,500. மொத்தம் ஒரே ஒரு நாள் 10,000-ஐத் தாண்டியிருந்தாலும் மூன்றையும் எஃப்பார் (FBAR) எனும் வெளிநாட்டுக் கணக்கு விவர அறிக்கையில் காட்ட வேண்டும். ஒரு டாலர் வரி பாக்கி இல்லாதவருக்கும் அபராதம் வருவது இதனால்தான்.

பணக்காரர்கள் வரியில்லா நாட்டுக்கு ஓடிவிடுவார்களே என்ற கேள்வி நியாயமானது. பிரான்ஸ் 1963-இல், வருமான வரி இல்லாத அண்டை நாடான மொனாக்கோவோடு மட்டும் ஒப்பந்தம் போட்டு, அங்கே குடியேறும் தன் குடிமக்களிடம் வரி வாங்கியது. ஓட்டை இருந்த இடத்தை மட்டும் அடைத்தது. ஆசிரியரையும் நர்ஸையும் அந்த வலையில் சேர்க்கவில்லை.

தெரியாமல் விட்டவர்கள் பயந்து ஒதுங்க வேண்டாம். அமெரிக்க வரித்துறை விசாரணை தொடங்குவதற்கு முன், 3 ஆண்டு ரிட்டர்னும் 6 ஆண்டு எஃப்பாரும், வேண்டுமென்றே செய்யவில்லை என்ற உறுதிமொழியும் கொடுத்தால், வெளிநாட்டில் வசிப்பதற்கான நிபந்தனைக்கு உட்பட்டவர்களுக்கு அபராதம் இல்லை. பாக்கி வரியும் வட்டியும் மட்டும் கட்ட வேண்டும்.