மெல்பர்னில் மூன்றாவது நாய்க்கு பெர்மிட்: பக்கத்து வீட்டுக்காரர் வேண்டாம் என்றால்

ஊரில் நாய் வளர்க்க யாரிடமும் மனுப் போட்டுப் பழக்கமில்லை. அதனால் மெல்பர்ன் இருக்கும் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துக்கு வந்தும் நம்மவர்களில் பலர் நாயை முதலில் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டு, அப்புறம்தான் விதியை விசாரிக்கிறார்கள். மெல்பர்ன் புறநகரில் பெரும்பாலான கவுன்சில்களின் (உள்ளாட்சி அமைப்புகளின்) உள்ளூர் விதி ஒரு வீட்டுக்கு இரண்டு நாய் என்று நிறுத்திக்கொள்கிறது. மூன்றாவதற்கு ‘எக்சஸ் அனிமல் பெர்மிட்’ வேண்டும். ஆளுக்கொரு நாய் வைத்திருந்த இரண்டு குடும்பங்கள் ஒரே கூரைக்கு வந்தாலும் இதே கதைதான். பெரிய நிலமென்றால் சில கவுன்சில்களில் விலக்கு உண்டு. உங்கள் கவுன்சிலின் விதியைப் பார்க்காமல் நண்பர் சொன்னதை நம்பாதீர்கள், அவருடைய கவுன்சில் வேறாக இருக்கும்.

நாய் வருவதற்கு முன்பே மனு போக வேண்டும். மூன்று மாதமான நாயைக் கவுன்சிலில் பதிய வேண்டும், பதிய, நாயின் தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப் வேண்டும். சிப் நிறுவனத்திடம் உரிமையாளர் பெயரை மாற்றுவது ஒரு வேலை, கவுன்சில் பதிவு இன்னொரு வேலை. ஒன்றைச் செய்தால் மற்றது தானாக நடக்காது. பதிவு ஆண்டுதோறும் ஏப்ரல் 10க்குள் புதுப்பிக்கப்பட வேண்டும். இருக்கிற இரண்டு நாய்களில் ஒன்றின் பதிவு காலாவதியாகி இருந்தாலும் மூன்றாவதற்கான மனு அங்கேயே நொண்டும்.

வாடகை வீடென்றால் அது தனிப் பாதை. 2020 மார்ச் 2 முதல், வீட்டுக்காரரிடம் அதற்கான படிவத்தில் எழுத்துமூலம் கேட்க வேண்டும். மறுக்க நினைத்தால் அவர் 14 நாளுக்குள் விகேட் (VCAT) என்னும் விக்டோரியத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும், போகாவிட்டால் சம்மதித்ததாகவே எடுத்துக்கொள்ளப்படும். ஆனால் வீட்டுக்காரரின் சம்மதம் கவுன்சில் பெர்மிட் ஆகிவிடாது.

மனுவோடு மனை வரைபடம் கேட்பார்கள். கையால் வரைந்தால் போதும், ஆனால் அளவு இருக்கட்டும்: எல்லைக்கோடு, வீடு, நான்கு பக்க வேலியின் உயரம், நாய் படுக்கும் இடம், அங்கிருந்து பக்கத்து வீட்டுப் படுக்கையறை ஜன்னல் எத்தனை மீட்டர் என்பது. இந்தக் கடைசி அளவைப் பலரும் போடுவதில்லை. போட்டுப் பாருங்கள், நாய்க்கூடு எந்த மூலையில் இருக்கக்கூடாது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். காலி இடம் இருக்கிறதே என்று கூட்டைப் பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு நேரே வைத்திருப்பவர்கள் நிறைய.

அடுத்தது ஆட்சேபணை. சில கவுன்சில்கள் தாமே இருபுறமும் பின்புறமும் உள்ள வீடுகளுக்குக் கடிதம் போடும், சில இடங்களில் கையெழுத்தை நீங்களே வாங்கிவரச் சொல்வார்கள். பக்கத்து வீட்டுக்காரர் மறுத்துவிட்டால் கதை முடிந்தது என்று நினைக்கிறோம். அவர் மறுப்பு மட்டுமே மனுவைத் தடுத்துவிடாது. ‘எனக்கு நாய் பிடிக்காது’ என்பதற்கு எடை குறைவு. ‘இப்போதிருக்கும் இரண்டும் அதிகாலை ஐந்தரைக்குக் குரைக்கின்றன’ என்பதற்கு எடை அதிகம், அதுவும் பழைய புகார் கோப்பில் இருந்தால். ஆகவே கடிதம் அவர் கைக்குப் போகும் முன்பே நேரில் போய்ப் பேசுங்கள். வடைத் தட்டோடு போவதில் தப்பில்லை, ஆனால் ‘எந்த நேரத்துச் சத்தம் உங்களுக்குத் தொந்தரவு?’ என்று கேட்டுக் குறித்துக்கொண்டு வாருங்கள். அவர் சொல்லும் ஒவ்வொரு குறையும் உங்கள் மனுவில் ஒரு நிபந்தனையாக மாற வேண்டும்: இரவு பத்து முதல் காலை ஏழு வரை நாய்கள் வீட்டுக்குள், அவருடைய ஜன்னலோரப் பகுதியில் நாய்க்கு அனுமதி இல்லை, இப்படி. கவுன்சில் எழுத வேண்டியதை நீங்களே எழுதிக் கொடுத்தால் அதிகாரிக்கும் ‘சரி’ போடுவது சுலபம்.

குரைப்புதான் பெரிய தலைவலி. வீட்டு விலங்குகள் சட்டம் 1994இன் 32ஆம் பிரிவு பார்ப்பது, சத்தம் விடாமல் தொடர்ந்து அடுத்த வீட்டாரின் நிம்மதியை நியாயமற்ற அளவில் கெடுக்கிறதா என்பதை. நாய் குரைப்பதே குற்றமில்லை. எனவே இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டுப் போடுங்கள்: நாள், நேரம், எந்த நாய், எத்தனை நிமிடம், எதற்காக. ‘செவ்வாய் 11.40, தபால்காரரின் வண்டி, சின்னது, அரை நிமிடம்.’ ‘வியாழன் இரவு 2.15, பின்வேலியில் பொஸம் (இரவில் நடமாடும் மரமேறி விலங்கு), இரண்டும், நாலு நிமிடம்.’ வேலைக்குப் போகும் நேரத்துக்கு ஒரு சாதாரணக் கேமரா போதும், உங்கள் முற்றத்தைப் பார்த்து இருக்கட்டும், அடுத்த வீட்டைப் பார்த்து அல்ல. நாம் வீட்டில் இருக்கும்போது சாதுவாகக் கிடக்கும் நாய், கார் கிளம்பிய பத்தாவது நிமிடம் ஊளையிடத் தொடங்குவது அதில்தான் தெரியவரும். நோட்டில் இரவுக் குரைப்பு அதிகமென்றால் வீட்டுக்குள் படுக்க வைப்பதே மருந்து. வேலியோரக் குரைப்பென்றால் பலகை இடுக்கு வழியாக நடமாட்டம் தெரிகிறது என்று அர்த்தம். இடுக்கை அடைத்துவிட்டு, வேலியிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே தள்ளி 1.2 மீட்டர் உயரத்தில் ஒரு உள்வேலி போட்டால் நாய் பலகைக்குப் பக்கத்திலேயே போகாது. தாண்டுகிற சாதியென்றால் உயரம் கூட்ட வேண்டும். மின்அதிர்வுக் கழுத்துப்பட்டையை நினைக்கவே வேண்டாம், விக்டோரியாவில் அதை இஷ்டத்துக்கு மாட்டச் சட்டம் விடாது, மாட்டினாலும் காரணம் அப்படியேதான் இருக்கும்.

நாற்றத்தை யாரும் மனுவில் எழுதுவதில்லை, ஆட்சேபணையில் மட்டும் தவறாமல் வரும். நடுத்தர நாய் ஒன்று ஒரு நாளைக்கு ஏறக்குறைய 300 கிராம் மலம் போடும். மூன்றுக்கு வாரத்தில் ஆறு கிலோவுக்கு மேல். சிவப்பு மூடிக் குப்பைத்தொட்டியைப் பல கவுன்சில்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் எடுக்கிறார்கள். நாற்பது டிகிரி வெயிலில் பன்னிரண்டு கிலோ, அதுவும் வேலியோரத் தொட்டியில்! தினமும் அள்ளுவது, இரட்டைப் பையில் கட்டுவது, தொட்டியைப் பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலிலிருந்து எதிர்ப்பக்கம் நகர்த்துவது, மூன்றையும் மனுவில் எழுதுங்கள்.

சோதனைக்கு வரும் அதிகாரி முதலில் வேலியின் அடியைத்தான் குனிந்து பார்ப்பார். மண் அரித்து, பலகைக்குக் கீழே கை நுழைகிற இடைவெளி இருந்தால் நாயும் தோண்டிக்கொண்டு போகும். உள்பக்கம் 30 சென்டிமீட்டர் அகலத்துக்குக் கம்பிவலையைத் தரையோடு படுக்க வைத்து மண் போட்டு மூடினால் தோண்டல் நிற்கும். வாயில்கதவு தானாக மூடிக்கொண்டால் நல்லது. நிழல், தண்ணீர், மழையில் நனையாத படுக்கை ஆகியவற்றையும் பார்ப்பார்.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், பின் கவுன்சிலுக்குள்ளேயே மறுபரிசீலனை. உங்கள் தரப்பைக் கேட்காமலே முடிவெடுத்தார்கள் என்றால் அரசு அலுவலகங்கள் மீதான புகார்களை விசாரிக்கும் விக்டோரிய ஒம்புட்ஸ்மனிடம் முறையிடலாம். காரணத்தில் ‘சத்தம்’ என்றிருந்தால், முறையீட்டைவிட வேலியைச் சரிசெய்து, புது இரண்டு வார நோட்டோடு திரும்பப் போடுவது பலன் தரும்.

பெர்மிட் கைக்கு வந்ததும் நிபந்தனைகளை வரி வரியாகப் படியுங்கள். பெரும்பாலும் அது குறிப்பிட்ட நாய்களுக்கானது, எண்ணிக்கைக்கானது அல்ல. மூன்றில் ஒன்று இறந்துவிட்டால் அந்த இடத்தில் புதுக் குட்டியைக் கொண்டுவர முடியாது, திரும்பவும் மனு, திரும்பவும் அக்கம்பக்கத்துக்குக் கடிதம். வீடு மாறினாலும் பெர்மிட் கூட வராது.