வெள்ளைப் பக்கம் வந்தால் முதலில் எரர் லாக்கைத் திறங்கள்

வெப்சைட் ஒன்று திடீரென்று முழு வெள்ளையாக வந்தால் எங்கள் மட்டக்களப்புப் பக்கத்துப் பொடியன்கள் பலர் உடனே எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றத் தொடங்குகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உள்ளே பிழை இருக்கிறது, அதை வெளியே காட்ட வேண்டாம் என்று சர்வரில் சொல்லி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இப்படியான தளங்களை ஓட்டுகிற பிஎச்பி என்ற கணினி மொழியில், பிழையைத் திரையில் காட்டுவதா இல்லையா என்று சொல்லும் டிஸ்ப்ளே எரர்ஸ் என்று ஒரு செட்டிங் உண்டு. எல்லாரும் பார்க்கிற தளத்தில் அதை அணைத்துத்தான் வைக்க வேண்டும், ஏனென்றால் பிழைச் செய்தியோடு சேர்ந்து ஃபைல் இருக்கிற இடம், சில நேரம் டேட்டாபேஸ் விவரம்கூட வெளியே வந்துவிடும்.

போன வைகாசியில், கண்ணகை அம்மன் சடங்கு நெருங்குகிற நேரம் பார்த்து, ஒரு கோயிலின் தளம் இப்படிப் போனது. திருக்கதவு திறக்கிற நாள், குளிர்த்தி நாள் எல்லாம் அதில்தான் போட்டிருந்தார்கள், வெளிநாட்டில் இருக்கிற ஊர்ச்சனம் அதைப் பார்த்துத்தான் லீவு எடுக்கிறது. நிர்வாகத்தில் இருக்கிற தம்பி போன் எடுத்து, "அண்ணன், ஒண்டும் வருதில்ல, வெள்ளையாக் கிடக்கு" என்றார். தளத்தை நிர்வகிக்கிற சிபேனலில் ஃபைல் மேனேஜரைத் திறந்து, தளம் இருக்கிற ஃபோல்டரில் பிழைகள் பதிவாகிற எரர் லாக் என்ற ஃபைலின் கடைசி வரியைப் பார்த்தோம். பட்டியலை ஒவ்வொன்றாக எடுக்கிற ஈச் என்ற ஃபங்ஷனே இல்லை என்று, ஃபைல் பெயரும் வரி எண்ணும் போட்டு எழுதியிருந்தது. ஹோஸ்டிங்காரர்கள் பிஎச்பியை 7.4இலிருந்து 8க்கு மாற்றியிருக்கிறார்கள், அந்த ஃபங்ஷன் 8.0இல் எடுக்கப்பட்டுவிட்டது. அந்த இடத்தில் அதே வேலையைச் செய்கிற ஃபார்ஈச் போட்டதும் தளம் வந்துவிட்டது.

லாக் கிடைக்காவிட்டால் பிழையைக் காட்டச் சொல்லும் வரியை ஃபைலின் தலையில் எழுதச் சொல்வார்கள். ஆனால் அரைப்புள்ளி விட்டுப்போனது, அடைப்புக்குறி மூடாதது போன்ற பிழை அதே ஃபைலில் இருந்தால் அந்த வரியால் பயனில்லை, ஃபைலே வாசிக்க முடியாமல் நிற்கும்போது அதற்குள் இருக்கிற கட்டளை எப்படி ஓடும்? புதிதாக ஒரு சின்ன ஃபைல் செய்து, அதில் டிஸ்ப்ளே எரர்ஸை ஒன் பண்ணி, பிழையான ஃபைலை அதற்குள் இன்க்ளூட் பண்ணுங்கள், செய்தி வெளியே வரும். வேலை முடிந்ததும் அந்தச் சின்ன ஃபைலை அழித்துவிடுங்கள்.

அப்புறம், தமிழில் தளம் செய்கிறவர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது, இதில் லாக்கும் காலியாகவே கிடக்கும். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கிற முறையான யூடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட், புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறி, அதனால் "அம்மன்" என்ற சொல் மட்டும் 18 பைட். செய்தியின் முதல் 200 பைட்டை மட்டும் காட்ட, பைட்டாக எண்ணி வெட்டுகிற சப்ஸ்டிரிங் ஃபங்ஷனைப் போட்டால் எழுத்தின் நடுவில் வெட்டு விழலாம். அந்த உடைந்த துண்டை சொல்லைத் தேடி மாற்றுகிற ப்ரெக் ரிப்ளேஸுக்கு, யூடிஎஃப்-8 என்று சொல்லும் யூ அடையாளத்தோடு கொடுத்தால் அது சத்தமே இல்லாமல் 'நல்', அதாவது ஒன்றுமில்லை, என்று திருப்பிக் கொடுக்கும், செய்தி இருக்க வேண்டிய இடம் வெறுமையாக நிற்கும். தகவலை ஜேசன் என்ற வடிவத்துக்கு மாற்றுகிற ஜேசன் என்கோடும் இதே போலத்தான், ஃபால்ஸ், அதாவது முடியவில்லை, என்று கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கும். ப்ரெக் லாஸ்ட் எரர், ஜேசன் லாஸ்ட் எரர் என்று நீங்களாகக் கேட்டால்தான் காரணத்தைச் சொல்லும். வெட்டுகிற இடங்களில் எம்பி சப்ஸ்டிரிங் போடுங்கள், அது பைட்டாக எண்ணாமல் குறியாக எண்ணி வெட்டும்.