டிக்கெட் போட்டே பதினாலு மாசம்

நெட்வொர்க் துறையில் முதல் வேலை கிடைத்ததும் மாசம் 20,000 என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். ஆஃபர் லெட்டரில் வருஷத்துக்கு 2,40,000 சிடிசி என்று இருந்தது. பன்னிரண்டால் வகுத்தேன், அவ்வளவுதான் என் கணக்கு. முதல் சம்பளம் வங்கியில் விழுந்தபோது 16,400-ம் சில்லறையும் இருந்தது. "மீதிய யார்ரா எடுத்துக்கினான்?" என்று அம்மா கேட்டதற்கு அன்று என்னிடம் பதில் இல்லை.

இப்போது இருக்கிறது. சிடிசி என்பது கைக்கு வரும் சம்பளம் இல்லை, கம்பெனி நமக்காகச் செய்யும் மொத்தச் செலவு. பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 10,000 என்று வைத்துக்கொண்டால், பிஎஃப்புக்கு நம் பங்கு 12 சதவீதம், அதாவது 1,200. கம்பெனி தன் பங்காகப் போடும் இன்னொரு 1,200-ஐயும் சிடிசிக்குள்ளேயே காட்டியிருப்பார்கள். கிராஜுவிட்டி (பணிக்கொடை) என்று பேசிக்கில் 4.81 சதவீதம் ஒதுக்கியிருப்பார்கள். சம்பளம் 21,000-க்குள் என்றால் இஎஸ்ஐ (மருத்துவக் காப்பீடு) வேறு: நமக்கு 0.75, கம்பெனிக்கு 3.25 சதவீதம், இதுவும் அதே சிடிசிக்குள். ஏமாற்று என்று சொல்லமாட்டேன், பிஎஃப் நம் காசுதான். ஆனால் ஒண்ணாம் தேதி வீட்டு வாடகைக்கு அது உதவாது. ஆகவே எச்ஆரிடம் கூச்சப்படாமல் "கைக்கு எவ்ளோ வரும்?" என்று கேளுங்கள்.

எனக்கு வீடு வடசென்னையில் தண்டையார்பேட்டை, ஆபீஸ் தெற்கே ஓஎம்ஆர். பீச் ஸ்டேஷன் வரை ஷேர் ஆட்டோ, அங்கிருந்து பறக்கும் ரயில், திருவான்மியூரில் இறங்கி மறுபடி பஸ். டி.எச். ரோட்டில் லாரிக்காரர்கள் மனது வைத்தால் ஒன்றேமுக்கால் மணி நேரம். இவ்வளவு தூரம் போய் நான் செய்த வேலை என்ன என்பதுதான் இந்தக் கதையே.

அப்போது கையில் இரண்டு ஆஃபர். இன்னொன்று மவுண்ட் ரோடு பக்கம் ஒரு சின்ன கம்பெனி. ஃபீல்ட் இன்ஜினியர், கைக்கு 13,000. கேபிள் இழுக்கணும், ஏணி ஏறணும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். "இன்ஜினியரிங் படிச்சிட்டு ஒயர்மேன் வேலையா?" என்றார் மாமா. எனக்கும் ஏசி ரூமும் கழுத்தில் தொங்கும் கார்டும்தான் பெரிதாகத் தெரிந்தது. என்ஓசியில், அதாவது நெட்வொர்க்கைத் திரையில் கண்காணிக்கும் அறையில், சேர்ந்தேன்.

பெரிய திரை. லைன் ஓடினால் பச்சை, படுத்தால் சிவப்பு. சிவப்பானால் டிக்கெட் போடணும் (பழுதைப் பதிவு செய்வதுதான் டிக்கெட்), லைன் கொடுத்த கம்பெனிக்கு போன் அடிக்கணும், பதினைந்து நிமிஷத்தில் சரியாகவில்லை என்றால் எல்2 என்ற அடுத்த நிலை ஆட்களுக்குத் தள்ளணும். நெட்வொர்க்குகளை இணைக்கும் ரூட்டருக்குள் லாகின் பண்ண, என்னை மாதிரி முதல் நிலை எல்1 ஆளுக்கு அனுமதியே கிடையாது. பதினாலு மாசம் இப்படியே போனது.

அதற்குப் பிறகு போன முதல் இன்டர்வியூவில் ஒருவர் கேட்டார்: "ரெண்டு ரூட்டர், ஒண்ணுக்கொண்ணு பிங் போகுது. ஆனா ஓஎஸ்பிஎஃப் எக்ஸ்ஸ்டார்ட்லயே நிக்குது. எங்க பார்ப்பீங்க?" பிங் என்பது எதிர்முனை பதில் சொல்கிறதா என்று பார்ப்பது; ஓஎஸ்பிஎஃப் என்பது ரூட்டர்கள் தங்களுக்குள் வழி பரிமாறிக்கொள்ளும் முறை, எக்ஸ்ஸ்டார்ட் அதில் ஒரு ஆரம்பக் கட்டம். நான் சொன்ன பதிலை இன்றைக்கும் நினைத்தால் காது சுடும்: "எல்2-க்கு டிக்கெட் அசைன் பண்ணுவேன் சார்." அவர் சிரிக்கக்கூட இல்லை. சரியான பதில்: இரண்டு பக்கமும் எம்டியு, அதாவது ஒரே தடவையில் அனுப்பக்கூடிய பாக்கெட்டின் அதிகபட்ச அளவு, ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கணும். சாதா பிங் சின்ன பாக்கெட், அது போய்விடும். பெரிய பாக்கெட் வரும்போதுதான் குட்டு வெளிப்படும்.

அடுத்த மாசமே சம்பளத்தில் 1,500 குறைத்துக்கொண்டு ஃபீல்ட் வேலைக்குப் போனேன். மாமா என்னோடு பேசவில்லை.

தீபாவளிக்கு முன்னால் எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடை. காலடி வைக்க இடமில்லை, பில்லிங் மொத்தமும் படுத்துவிட்டது. கம்ப்யூட்டர்களை இணைக்கும் நெட்வொர்க் சுவிட்சின் விளக்கெல்லாம் பேய் பிடித்த மாதிரி ஒரே நேரத்தில் மினுக்குகிறது. அரை மணி நேரம் தேடிய பிறகு மேஜைக்கு அடியில் பார்த்தால், தொங்கிக்கொண்டிருந்த பேட்ச் கார்டின் (சின்ன நெட்வொர்க் கேபிள்) இன்னொரு முனையையும் யாரோ நல்லெண்ணத்தில் அதே சுவிட்சில் சொருகியிருந்தார்கள். விலை மலிவான சுவிட்ச், இப்படிச் சுற்று உண்டாவதைத் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ கிடையாது. லூப், அதாவது அனுப்பியதே நிற்காமல் சுற்றிச் சுற்றி வந்து நெட்வொர்க்கை அடைத்துவிடும். பிராட்காஸ்ட் ஸ்டார்ம் என்று கல்லூரியில் ரெண்டு மார்க்குக்கு எழுதினேனே, அது இதுதானா என்று அன்றைக்குத்தான் உறைத்தது. கார்டைப் பிடுங்கினேன், கடை உயிர் பெற்றது. முதலாளி டீ வாங்கிக் கொடுத்தார்.

சிஸ்கோ கம்பெனியின் நெட்வொர்க் பரீட்சையான சிசிஎன்ஏ எழுதியது அந்த வேலையில் இருந்தபோதுதான். பரீட்சை எண் 200-301, அப்போது கட்டணம் 300 டாலர், அதற்கு மேல் வரி. அம்மா சீட்டு எடுத்துக் கொடுத்த காசு. முதல் தடவை ஃபெயில். செய்து காட்டவேண்டிய ஒரு லேப் கேள்வியில் இருபது நிமிஷம் மாட்டிக்கொண்டேன். மொத்தமே 120 நிமிஷம், தாண்டிய கேள்விக்குத் திரும்பி வரவும் முடியாது. கடைசிக் கேள்விகளைக் கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினேன். இரண்டாவது தடவைக்கு சப்நெட்டிங்கை, அதாவது ஐபி முகவரிகளைக் குழுவாகப் பிரிக்கும் கணக்கை, வேகப்படுத்தினேன், எல்லாம் ரயிலில்தான். 172.16.10.77/27 என்றால் 32 32-ஆகத் தாவணும்: குழு 64-இல் தொடங்கும், 95 பிராட்காஸ்ட் (குழு முழுக்க அனுப்பும் முகவரி), நடுவில் 65 முதல் 94 வரை கம்ப்யூட்டர்களுக்கு. ஒரு ஸ்டேஷனுக்குள் மூன்று கணக்கு மனதிலேயே போட வந்துவிட்டால் பரீட்சையில் லேப்புக்கு நேரம் மிஞ்சும். வீட்டில் பழக பேக்கட் ட்ரேசர் என்ற சாஃப்ட்வேர் போதும், அது இலவசம். டம்ப்ஸ் (கசிந்த கேள்வி பதில்கள்) படித்துப் பாஸான பையன்களை நானே இப்போது இன்டர்வியூ எடுக்கிறேன். மூன்றாவது கேள்வியில் தெரிந்துவிடும். சர்டிஃபிகேட் மூன்று வருஷத்துக்குத்தான் செல்லும், அதற்குள் அடுத்த படிக்குப் போய்விடணும்.

ஃபீல்டில் இரண்டு வருஷமும் சிசிஎன்ஏவும் சேர்ந்து எனக்குக் கைக்கு 38,000 வாங்கிக் கொடுத்தன. என்ஓசியே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆறு மாசத்தில் எல்2-க்கு ஏற்றி, கன்சோல் கையில் கொடுத்து ரூட்டருக்குள் விடுகிற இடங்களும் இருக்கின்றன. அதைச் சேரும் முன்பே கேட்கணும்: "நான் டிவைஸ்ல லாகின் பண்ணுவேனா, இல்ல பார்க்க மட்டுமா?" இந்தக் கேள்விக்கு எச்ஆர் மழுப்பினால் டெக்னிக்கல் ரவுண்டு எடுத்தவரிடம் கேளுங்கள், அவர் மழுப்பமாட்டார்.

ஒரிஜினல் மார்க் ஷீட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் இடத்துக்குப் போகாதீர்கள். வேலைக்கு முன்பணம் கேட்பவனிடம் பேசவே வேண்டாம். வேலையை விட எத்தனை நாள் முன்னால் சொல்லணும், நோட்டீஸ் 90 நாளா என்று பாருங்கள், அடுத்த கம்பெனிக்காரன் பதினைந்து நாளில் வரச் சொல்லும்போது அங்கேதான் மாட்டுவோம்.

நம்ம ஏரியாப் பிள்ளைகளுக்கு இன்னொன்று. நைட் ஷிஃப்டுக்கு கம்பெனி கேப் (கார்) உண்டு என்பார்கள், எதுவரைக்கும் என்று சொல்லமாட்டார்கள். எனக்குப் பாரிமுனையோடு எல்லை என்பது சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. ராத்திரி பன்னிரண்டரைக்கு அங்கே இறக்கிவிட்டால் தண்டையார்பேட்டைக்கு ஆட்டோக்காரர் சொல்வதுதான் விலை. அந்தக் காசையும் சம்பளத்தில் கழித்துவிட்டு ஆஃபரைப் பாருங்கள்.