தசையே வராத ஆய்வுகூடத்தில் அக்ரின்

உயர்தர உயிரியலில் அக்ரின் என்ற புரதத்தைத் தசைப் பாடத்தோடுதான் படித்தோம். அக்ரின் இழையை மயோசின் என்ற இன்னொரு புரதம் பற்றி இழுக்கும், தசை சுருங்கும். பரீட்சைக்கு அவ்வளவு போதும். 1942இல் ஹங்கேரியில் ஸ்ட்ராவுப் என்ற விஞ்ஞானி அக்ரினைப் பிரித்தெடுத்ததும் தசையிலிருந்துதான். ஆனால் மட்டக்களப்பில் நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்துக்கு யாரும் தசை கொண்டுவருவதில்லை. இரத்தம், சிறுநீர், மலம், சளி, இவ்வளவுதான். அக்ரின் வேலை செய்வதை நான் பார்ப்பது இவற்றில்தான்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து பயிற்சிக்கு வரும் பிள்ளை ஒருநாள் ரியூப் தட்டைக் காட்டி, "சேர், இது எப்படித் தானாச் சுருங்குது?" என்று கேட்டாள். உறையாமல் தடுக்கும் மருந்து சேர்க்காத இரத்தம் அது. உறைந்த கட்டி முதலில் கண்ணாடிச் சுவரோடு ஒட்டி நிற்கும். ஒரு மணித்தியாலம் போக விளிம்பு மெல்ல விலகும். சுற்றிவர மஞ்சள் சீரம் ஊறும். சென்றிபியூஜில் போட்டுச் சுற்றுகிற அவசரத்தில் இதை யார் நின்று பார்க்கிறார்கள்?

இழுப்பது பிளேட்லெட், இரத்தம் உறைய உதவும் சின்னஞ்சிறு குழியத் துண்டு. தட்டையாகத் திரிந்தது, உறைதல் தொடங்கியதும் உள்ளே அக்ரின் இழைகளைக் கட்டி முள்முள்ளாக நீண்டு, கட்டியில் வலையாகப் பின்னி நிற்கும் பைபிரின் நாரைப் பற்றிக்கொள்ளும். அப்புறம் மயோசின் சேர்ந்து இழுக்கும்.

"அப்ப தசையில நடக்கிறதுதானே சேர்?"

"ஓம் பிள்ள, அதே சோடிதான்."

பிளேட்லெட்டில் உள்ள புரதத்தில் 15 முதல் 20 சதவீதம் அக்ரின். மாரியில் டெங்கு வந்து பிளேட்லெட் நன்றாக விழுந்தவரின் கட்டி தொளதொளவென்று கிடக்கும். கண்ணுக்கு விஷயம் தெரிந்துவிடும். ஆனாலும் கவுன்ட் வராமல் வாய் திறக்கமாட்டேன்.

அடுத்தது அமீபா. சூடாறாத மலத்தைச் சலைனில் கலந்து பார்த்தால், அது கால்போல நீட்டும் தெளிந்த போலிப்பாதம் ஒரு பக்கம் சட்டென்று பாயும். குருணையான உட்பகுதி பின்னால் வழிந்து போகும். ஓரத்தில் அக்ரின் மூலக்கூறுகள் இழையாகக் கோர்க்கப்படுகின்றன, மயோசின் நெருக்குகிறது. இழையின் தடிப்பு 7 நனோமீற்றர்தான். எங்கள் மைக்ரோஸ்கோப்பில் அது ஒருநாளும் தெரியாது. தெரிவது ஓட்டம் மட்டுமே, இனங்காண்பதும் அதை வைத்துத்தான்.

வாகரைப் பக்கமிருந்து பஸ்ஸில் வரும் மாதிரி சூடாறிப்போய், அதில் அமீபா உருண்டு அசையாமல் கிடக்கும். அதை வெண்குழியத்திலிருந்து பிரித்துச் சொல்வது பெரும்பாடு. அதனால் தூரத்திலிருந்து வருகிறவர்களிடம் போத்தலை மட்டும் அனுப்பவேண்டாம், நோயாளியையே கூட்டிவாருங்கள் என்கிறேன். சிலர் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும்.